நியாயமான போராட்டத்தில் மாற்றுக் குரல்

ஓர் அரசு தன் குடிமக்களில் ஒரு பகுதியினரின் மொழியையும் வாக்கையும் உயிரையும் பறித்தால், அதை எதிர்த்து எழுவது நியாயம். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவர், அடுத்த அதிகாரத்தைக் கொடுங்கோன்மைக்கே ஒதுக்கினார். கடினமான கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. எழுந்து நிற்கும் இயக்கத்துக்குள்ளேயே ஒருவர் “நாம் போகும் வழி தவறு” என்று சொன்னால் அவரை என்ன செய்வது? அதே அரசை எதிர்க்கும் இன்னோர் இயக்கம் வேறு பாதையில் நடந்தால் அதை எப்படி எதிர்கொள்வது? காரணம் நியாயமாக இருக்கும் ஒரே பலத்தில், தம்மோடு மாறுபடும் தம்மவரை வாயடைக்கும் உரிமை ஓர் இயக்கத்துக்கு வந்துவிடுமா?

விருதுநகர் மாவட்டத்து மம்சாபுரம் போன்ற ஊர்களுக்கு இது தொலைதூர நாட்டுக் கேள்வி அல்ல. அங்கிருந்து எட்டும் தொலைவில், ராஜபாளையம் அருகே மொட்டமலையில், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. இத்தகைய முகாம்களில் இருப்பவர்கள் அரசின் குண்டுக்கு அஞ்சிக் கடல் கடந்தவர்கள். அவர்களில் சிலர் இயக்கங்களின் துப்பாக்கிக்கும் அஞ்சினார்கள். இலங்கையோடு இந்தப் பகுதிக்கு உள்ள உறவு, அகதிகள் வரத் தொடங்கிய 1983-இல் தொடங்கியதும் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அடங்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்தும், மதுரை, திருநெல்வேலி, திருச்சி மாவட்டங்களிலிருந்தும் பஞ்சம் பிழைக்கக் கண்டிச் சீமைக்குப் போன குடும்பங்களின் வழியில் வந்தவர்களே மலையகத் தமிழர்கள். ஈழத்தின் இடதுசாரி இயக்கங்களின் கதை அவர்களையும் சேர்த்த கதை.

முதலில் அரசின் குற்றத்தை எடைபோட வேண்டும். அதை விட்டுவிட்டு இயக்கங்களின் தவறுகளை மட்டும் பட்டியலிடுவது நேர்மையாகாது. 1948-இல் விடுதலை பெற்ற இலங்கையின் முதல் சட்டங்களில் ஒன்று, தோட்டத் தொழிலாளர்களான பல லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி ஆனது. 1957-இல் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டது. 1965-இல் பிரதமர் டட்லி சேனநாயக்காவோடு செய்துகொண்ட ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. இதற்கிடையில், 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறீமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரின் கணக்கைப் பத்தாண்டு கழித்து இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. எந்தக் கணக்கிலும் அந்த மக்களைக் கேட்கவில்லை. 1979-இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1981-இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டு 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஜூலையில் நாடு முழுவதும் தமிழர் வேட்டையாடப்பட்டபோது, வெலிக்கடைச் சிறையில் அரசின் காவலில் இருந்த 53 தமிழ்க் கைதிகள் இரண்டு நாட்களில் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே அரசியலமைப்பில் கொண்டுவந்த ஆறாவது திருத்தம், தனிநாடு கேட்பதையே குற்றமாக்கி, தமிழர் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் இருக்க முடியாதபடி செய்தது. பேசும் வாயிலை அடைத்தவர்கள், துப்பாக்கி வாயிலாக வந்த பதிலுக்கும் பொறுப்பாளிகள் ஆகிறார்கள்.

இலங்கை இடதுசாரிகளுக்கும் இதில் பங்குண்டு. 1935-இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சி குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்தது. 1956-இல் இரு மொழிகளுக்கும் சம இடம் கேட்டு நாடாளுமன்றத்தில் வாதாடியது. மொழியை ஒன்றாக்கினால் நாடு இரண்டாகும் என்று எச்சரித்தவர் அதன் தலைவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா. அவரே 1972-இல், அமைச்சராக, பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்து சிங்களத்தின் தனியிடத்தை உறுதி செய்த அரசியலமைப்பை உருவாக்கினார். ஆட்சியில் பங்கு கிடைத்ததும் கொள்கை கைமாறியது. தொழிலாளி வர்க்க ஒற்றுமையை நம்பிய தமிழ் இளைஞர்களுக்கு அதன்பின் கொழும்பின் பழைய இடதுசாரிகளிடம் போக இடமில்லாமல் போயிற்று.

அந்த வெற்றிடத்தில்தான் ஈழத்தின் புதிய இடதுசாரி இயக்கங்கள் முளைத்தன. 1975-இல் லண்டனில் இளையதம்பி இரத்தினசபாபதி முதலானோர் ஈரோஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தோடு தொடர்பு கொண்டு லெபனானில் பயிற்சிக்கு வழி செய்தவர்கள் அவர்கள். மலையகத் தமிழரை ஈழக் கோரிக்கையின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைத்தது ஈரோஸின் தனித்தன்மை. ஈரோஸிலிருந்து பிரிந்தவர்கள் 1980-களின் தொடக்கத்தில் ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியை, அதாவது ஈ.பி.ஆர்.எல்.எஃப்.-ஐ அமைத்தார்கள். அதன் தலைவர் பத்மநாபா. ஒடுக்கப்பட்ட சாதியினர், விவசாயக் கூலிகள், கிழக்கின் ஏழைகள் ஆகியோரிடம் அது வேர் கொண்டது. சிங்களப் பாட்டாளியைப் பகைவனாகப் பார்க்க மறுத்தது. யாழ்ப்பாணத்துச் சாதிப் படிநிலை அப்படியே இருக்க, அதன் மேல் ஒரு தனிநாட்டைக் கட்டினால் யாருக்கு விடுதலை என்று இந்த இயக்கங்கள் கேட்டன. அதற்கு முன்பே, 1966 முதல் நா. சண்முகதாசனின் கட்சியினர் வடக்கில் கோயில் நுழைவுக்கும் தேநீர்க்கடைச் சமத்துவத்துக்கும் போராடியிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு அங்கே மண்ணில் வேர் இருந்தது.

1985 ஏப்ரலில் விடுதலைப் புலிகள், டெலோ, ஈரோஸ், ஈ.பி.ஆர்.எல்.எஃப். ஆகிய நான்கு ஆயுத இயக்கங்களும் ஒரே முன்னணியில் இருந்தன. அவ்வாண்டு திம்புவில் நடந்த பேச்சுவார்த்தையில் புளொட் இயக்கமும் தமிழர் விடுதலைக் கூட்டணிக் கட்சியும் சேர்ந்து ஆறு அமைப்புகளும் ஒரே குரலில் நான்கு கோரிக்கைகளை வைத்தன. தமிழர் ஒரு தேசிய இனம், அவர்களுக்குத் தாயகம் உண்டு, சுயநிர்ணய உரிமை உண்டு என்பவற்றோடு, தீவில் வாழும் தமிழர் அனைவருக்கும் குடியுரிமை என்பது நான்காவது. நாடற்றவராக்கப்பட்ட மலையக மக்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. மாறுபட்டவர்கள் ஒன்றாக நிற்க முடியும் என்பதற்குச் சான்றாக அந்த ஆண்டு இருக்கிறது.

அடுத்த ஆண்டே அது முடிந்தது. 1986 ஏப்ரல் இறுதியில் புலிகள் டெலோவைத் தாக்கினார்கள். மே 6-ஆம் நாள் அதன் தலைவர் சிறீ சபாரத்தினம் கொல்லப்பட்டார். டிசம்பரில் புலிகள் ஈ.பி.ஆர்.எல்.எஃப்.-ஐத் தடை செய்தார்கள். 1987 மார்ச்சில், பிடிபட்டுக் கைதிகளாக இருந்த அதன் உறுப்பினர்கள் பலர் யாழ்ப்பாணத்தில் கந்தன் கருணை என்ற வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1989 ஜூலையில் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கம் கொழும்பில் கொல்லப்பட்டார். செப்டம்பரில், எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் தோழர்களோடு சேர்ந்து ‘முறிந்த பனை’ என்ற நூலில் பதிவு செய்த மருத்துவப் பேராசிரியர் ரஜனி திராணகம, யாழ்ப்பாணத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஜூன் 19 அன்று சென்னை கோடம்பாக்கத்தில் பத்மநாபாவும் உடனிருந்த தோழர்கள் பலரும் கொல்லப்பட்டார்கள். 1989 பொதுத்தேர்தலில் சுயேச்சைகளாக 13 இடங்களை வென்ற ஈரோஸ், 1990-இல் நாடாளுமன்ற இடங்களைத் துறந்து கலைந்தது. அதன் தலைவர் பாலகுமாரன் புலிகளோடு சேர்ந்தார். ஈழத்தின் இடதுசாரிக் குரல் பதினைந்து ஆண்டுகளில் எழுந்து அடங்கியது. அதை அடக்கியதில் சிங்கள அரசின் படைக்கு இணையான பங்கு தமிழர் துப்பாக்கிக்கும் இருந்தது.

இதை நியாயப்படுத்துபவர்களின் வாதத்தை அதன் முழு வலிமையோடு கேட்க வேண்டும். அவர்கள் சொல்வது இது. எதிரே நிற்பது படையும் பணமும் உலக அங்கீகாரமும் உள்ள ஓர் அரசு. செய்த ஒப்பந்தங்களை எல்லாம் முறித்த அரசு. ஐந்தாறு இயக்கங்கள் ஐந்தாறு திசையில் இழுத்தால் அந்த அரசு ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்கிவிடும். அண்டை நாட்டு உளவுத்துறையும் இயக்கங்களுக்குத் தனித்தனியே பயிற்சி தந்து, ஒன்றை ஒன்றுக்கு எதிராக வைத்திருந்தது. போர்க்களத்தில் விவாத மேடை கட்ட முடியாது. ஒரே தலைமை இருந்ததால்தான் சின்னஞ்சிறு இனம் ஒன்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓர் அரசின் படையைத் தடுத்து நிறுத்தியது. மேலும், கொல்லப்பட்ட இயக்கங்கள் தூயவையா?

இந்தக் கடைசிக் கேள்வி நியாயமானது. அவை தூயவை அல்ல. ஒரத்தநாட்டுப் பக்கம் புளொட் நடத்திய முகாம்களில் கேள்வி கேட்ட சொந்த உறுப்பினர்களே சித்திரவதைக்கு ஆளாகிப் புதைக்கப்பட்டார்கள். அதிலிருந்து தப்பி வந்த ஒருவர் கோவிந்தன் என்ற பெயரில் எழுதிய ‘புதியதோர் உலகம்’ 1985-லேயே வெளிவந்தது. 1986 நவம்பரில் சென்னை சூளைமேட்டில், அப்போது ஈ.பி.ஆர்.எல்.எஃப்.-இல் இருந்தவர்கள் சுட்டதில் உள்ளூர் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். இந்திய அமைதிப்படையின் துணையோடு வடகிழக்கு மாகாண ஆட்சியில் அமர்ந்தபோது, அதே இயக்கம் பள்ளிப் பிள்ளைகளையும் தெருவில் பிடித்துத் தன் படையில் சேர்த்தது. மாற்றுக் கருத்தினரைக் கொன்றது. பாட்டாளி வர்க்கத்தின் பெயரைச் சொன்னதால் இந்தச் செயல்களின் எடை குறைந்துவிடாது. எந்தத் தாய்மாருக்காகப் போராடுகிறோம் என்று சொன்னார்களோ, அந்தத் தாய்மாரின் கையிலிருந்தே பிள்ளைகளைப் பறித்தார்கள்.

ஆனால் இந்தக் குற்றங்கள் வாயடைத்தவர்களின் வாதத்துக்குத் துணை செய்வதில்லை. அதை இன்னும் பலவீனமாக்குகின்றன. ஒவ்வோர் இயக்கமும் தன் கையில் பலம் இருந்த இடத்தில் மாறுபட்டவரை அழித்தது என்பதையே அவை காட்டுகின்றன. ஈ.பி.ஆர்.எல்.எஃப். செய்த கட்டாய ஆள்பிடிப்பு தவறு என்றால், அதே தவறு பின்னாளில் வன்னியில் புலிகளால் நடந்தபோதும் தவறுதான். கைதியைக் கொல்வது வெலிக்கடையில் கொடுமை என்றால், கந்தன் கருணையிலும் கொடுமைதான். செய்பவர் யார் என்பதை வைத்துச் செயலின் நிறத்தை மாற்றுகிறவர் அறத்தைப் பேசவில்லை. தன் கட்சியைப் பேசுகிறார்.

ஒற்றுமையின் பலத்தைப் பற்றிய வாதத்துக்கு வருவோம். ஒற்றுமை பெருமளவு பலம் தந்தது உண்மை. தன்னலம் பாராமல் உயிர் கொடுத்த ஆயிரக்கணக்கான இளைஞர்களின் தியாகத்தை எவரும் சிறுமைப்படுத்த முடியாது. ஆனால் இடித்துச் சொல்பவர் இல்லாத அரசன், கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவர் எச்சரித்தது இயக்கங்களுக்கும் பொருந்தும். 2002-இல் போர்நிறுத்தம் வந்தது. உலகமே பேச்சுவார்த்தை மேசைக்கு வந்து அமர்ந்த காலம் அது. 2005 நவம்பர் அதிபர் தேர்தலில் தமிழர்கள் வாக்களிக்க வேண்டாம் என்ற நிலை வடக்கில் திணிக்கப்பட்டது. மகிந்த ராஜபக்ச சுமார் 1,80,000 வாக்கு வேறுபாட்டில் வென்றார். அந்தப் புறக்கணிப்பு தவறு என்று சபையில் எழுந்து சொல்லக்கூடியவர்களில் பலர் அதற்குள் சுடுகாட்டில் இருந்தார்கள். மீதிப்பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு வாய் இல்லை. மீண்டும் மூண்ட போரின் முடிவில், 2009 மே மாதம், முள்ளிவாய்க்காலில் மக்கள் அரசின் எறிகணைக்கும் வெளியேற விடாத இயக்கத்துக்கும் நடுவே சிக்கினார்கள். இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. தலைமைச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் கூறியது. அந்த எறிகணைகளின் குற்றம் முழுவதும் அரசுடையது. ஆனால் மக்களை அந்த மணல்திட்டு வரை கொண்டுபோய் நிறுத்திய பாதையை மறுத்துப் பேச ஒருவரும் இல்லாத நிலையை உருவாக்கியது இயக்கம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அனுபவம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1948-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தன் கல்கத்தா மாநாட்டில், புதிய நேரு அரசை ஆயுதம் கொண்டு எதிர்க்கும் பாதையை எடுத்தது. மறு ஆண்டு சென்னை மாகாணத்தில் கட்சி தடை செய்யப்பட்டது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில், தப்பி ஓட வழியே இல்லாத இடத்தில், 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தஞ்சை மாவட்டத்தில் ஜாம்பவானோடை சிவராமனும் வாட்டாக்குடி இரணியனும் அவ்வாண்டு மே மாதம் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அரசின் குற்றம் இங்கேயும் கனமானது. ஆனால் இரண்டு வேறுபாடுகள் வரலாற்றைத் திருப்பின.

முதலாவது, அந்தக் கட்சிக்குள் மாறுபட்டவர்கள் உயிரோடு இருந்தார்கள். ஆயுதப் பாதையை மறுத்த முன்னாள் பொதுச்செயலாளர் பி.சி. ஜோஷி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார், ஆனால் கொல்லப்படவில்லை, 1951-இல் திரும்பச் சேர்க்கப்பட்டார். அந்தப் பாதையை வகுத்த பி.டி. ரணதிவே 1950-இல் பொறுப்பிலிருந்து இறக்கப்பட்டார். அவரும் பின்னாளில் தலைவராக நீடித்தார். கசப்பான விவாதத்தின் முடிவில் 1951 அக்டோபரில் தெலங்கானாவின் ஆயுதப் போராட்டம் கைவிடப்பட்டது. இரண்டாவது, அரசும் நீதிமன்றமும் வாசலைத் திறந்தன. கிராஸ் ரோட்ஸ் என்ற இடதுசாரி இதழுக்குச் சென்னை மாநில அரசு விதித்த தடையை 1950-இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. சங்கங்களை அரசு தன் விருப்பப்படி சட்டவிரோதம் என்று அறிவிக்கும் அதிகாரத்தை வி.ஜி. ராவ் வழக்கில் 1952-இல் செல்லாது என்று அறிவித்தது. அதே 1952 தேர்தலில், சிறையிலிருந்தே போட்டியிட்ட பி. ராமமூர்த்தி மதுரையில் வென்றார். 375 இடங்கள் கொண்ட சென்னை சட்டமன்றத்தில் கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களைப் பிடித்து முதன்மை எதிர்க்கட்சி ஆயிற்று. 2009-இல் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடங்கிய தென்காசித் தொகுதி, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பி. லிங்கத்தை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மம்சாபுரத்து வாக்காளர் ஒருவர், 60 ஆண்டுகளுக்கு முன் தடை செய்யப்பட்டிருந்த கட்சிக்கு அஞ்சாமல் வாக்களிக்க முடிந்தது. இயக்கம் தன்னைத் திருத்திக்கொண்டதும் அரசு தன் கதவைத் திறந்ததும் சேர்ந்து நடந்ததன் பயன் அது.

இலங்கையில் சமரசத்தைத் துரோகம் என்று தீர்ப்பெழுதியவர்கள் சொன்ன காரணம், 1987 ஜூலை 29-இன் இந்திய இலங்கை ஒப்பந்தம் தமிழருக்குப் போதாது என்பது. அது போதாதது உண்மைதான். 13-ஆவது திருத்தம் தந்த மாகாண சபைக்குக் காணியும் காவலும் காகிதத்தில் இருந்தனவே தவிர, கைக்கு வரவில்லை. 1988 டிசம்பரில் வடகிழக்கு முதலமைச்சரான வரதராஜப் பெருமாள் பெயருக்கே ஆட்சி செய்தார். 1990 மார்ச்சில் எல்லாம் சரிந்தது. ஆனால் போதாத ஒன்றை ஏற்றுக்கொண்டு, அதில் நின்று மேலும் கேட்கலாம் என்று நினைப்பது ஓர் அரசியல் மதிப்பீடு. அது தவறான மதிப்பீடாக இருக்கலாம். தவறாகக் கணித்தவரை வாதத்தில் தோற்கடிக்கலாம், தேர்தலில் தோற்கடிக்கலாம். அவர் உயிரை எடுக்க எவருக்கும் உரிமை கிடையாது. ஏனென்றால் எது துரோகம், எது சமரசம் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அந்த மக்கள். மக்களிடம் கேட்காமல் அந்தத் தீர்ப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் இயக்கம், அரசு மக்களிடமிருந்து பறித்த அதே உரிமையை இரண்டாம் முறை பறிக்கிறது. அதே அளவுகோல் மறுபக்கத்துக்கும் பொருந்தும். ஒப்பந்தத்தை ஏற்றது ஈ.பி.ஆர்.எல்.எஃப்.-இன் பாவம் அல்ல. ஏற்காத மக்கள் மேல் அதைத் துப்பாக்கியால் திணிக்க முயன்றதுதான் பாவம்.

இது தமிழருக்கு மட்டுமே நேர்ந்த நோய் அல்ல என்பதைத் தெற்கு இலங்கை காட்டுகிறது. அதே ஒப்பந்தத்தை எதிர்த்து இரண்டாம் முறை ஆயுதம் ஏந்திய சிங்கள இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி., ஒப்பந்தத்தை ஆதரித்த சிங்கள இடதுசாரித் தலைவரும் நடிகருமான விஜய குமாரதுங்கவை 1988 பிப்ரவரியில் கொன்றது. 1986-இல் யாழ்ப்பாணம் சென்று தமிழ் இளைஞர்களோடு பேசிய மனிதர் அவர். அவரையும் பத்மநாபாவையும் கொன்றவர்கள் ஒருவருக்கொருவர் பகைவர்கள். ஆனால் இரு சமூகங்களுக்கும் நடுவே பாலமாக இருக்கக்கூடியவரை முதலில் அகற்ற வேண்டும் என்பதில் இருவர் மனமும் ஒன்றாகவே ஓடியது.

குர்து மக்களின் கதையிலும் இதே இரண்டு எடைகளும் தராசின் இரு தட்டுகளில் இருக்கின்றன. துருக்கி அரசு 1983 முதல் 1991 வரை குர்து மொழியில் பேசுவதையும் எழுதுவதையும் சட்டம் போட்டுத் தடுத்தது. 1980 ராணுவப் புரட்சிக்குப் பின் தியார்பக்கிர் சிறையில் நடந்த சித்திரவதைகள் ஒரு தலைமுறையையே மலைக்கு அனுப்பின. 1991-இல் நாடாளுமன்றத்தில் பதவியேற்றபோது குர்து மொழியில் ஒரு வாக்கியம் சொன்ன லெய்லா சானா, பின்னர் பத்தாண்டுகள் சிறையில் கிடந்தார். 1978 நவம்பரில் அப்துல்லா ஓஜலான் தலைமையில் ஃபிஸ் என்ற கிராமத்தில் பிறந்த குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி, 1984 ஆகஸ்ட் 15 அன்று ஆயுதப் போரைத் தொடங்கியது. அந்தப் போரில் 40,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசு சுமார் 3,000 ஊர்களை வெறிச்சோட வைத்தது. கட்சியும் அரசுக்குத் துணைபோன ஊர்க்காவலர்களின் குடும்பங்களைக் குழந்தைகளோடு கொன்றது. தன்னிடமிருந்து விலகியவர்களைத் துரத்திக் கொன்றது.

ஆனால் அந்த இயக்கத்தில் ஒரு திருப்பம் நடந்தது. 1999-இல் நைரோபியில் பிடிபட்டு இம்ராலி தீவில் அடைக்கப்பட்ட ஓஜலான், தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு, ஊர் மன்றங்களையும் பெண்களின் சம பங்கையும் அடிப்படையாகக் கொண்ட தன்னாட்சியைப் பேசத் தொடங்கினார். குர்து இடதுசாரிகளின் சட்டப்பூர்வக் கட்சி 2015 ஜூன் தேர்தலில் 13 விழுக்காடு வாக்கும் 80 இடங்களும் பெற்றது. அந்த வாசலை அரசு உடனே இழுத்து மூடியது. கட்சியின் இணைத் தலைவர் செலாஹத்தின் தெமிர்தாஷ் 2016 நவம்பரில் சிறைக்குப் போனார். அப்படியிருந்தும், ஓஜலானின் அழைப்பை ஏற்று 2025 மே மாதம் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி தன்னைக் கலைப்பதாக அறிவித்தது. ஜூலை 11 அன்று ஈராக்கின் சுலைமானியா அருகே ஒரு குழுவினர் தம் துப்பாக்கிகளைத் தாமே தீயிலிட்டார்கள். இனி துருக்கி அரசு தன் பங்கைச் செய்யுமா என்பதே கேள்வி. ஆயுதத்தைக் கீழே வைத்தவருக்குப் பேசும் இடத்தைத் தராத அரசு, அடுத்த தலைமுறையின் ஆயுதத்துக்கு இன்றே விலை கொடுக்கிறது. அந்த இயக்கத்தின் மாற்றமும் ஒரே தலைவரின் சொல்லால் நடந்தது என்பதை மறக்கக் கூடாது. ஒருவர் சொல்லுக்காகப் போரும் ஒருவர் சொல்லுக்காக அமைதியும் வரும் அமைப்பில், மக்கள் தம் விதியை இன்னும் தம் கையில் எடுக்கவில்லை.

இலங்கையில் இன்று ஆட்சி செய்வது, 1971-இலும் 1987 முதல் 1989 வரையிலும் அரசை எதிர்த்து ஆயுதம் எடுத்த அதே ஜே.வி.பி.-யை மையமாகக் கொண்ட கூட்டணி. 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க அதிபரானார். நவம்பர் தேர்தலில் 225 இடங்களில் 159 கிடைத்தன. யாழ்ப்பாணம் மாவட்டத்திலும் அந்தக் கூட்டணி முதலிடம் பெற்றது. தன் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் காணாமற்போன வலியைச் சொந்தமாக அறிந்த இயக்கம் அது. காணாமலாக்கப்பட்ட தமிழரின் தாய்மார் தெருவோரம் அமர்ந்து கேட்கும் கேள்வியை வேறு எந்த ஆட்சியைவிடவும் அதற்கு நன்றாகப் புரிய வேண்டும். இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் பிரிக்க 2006-இல் நீதிமன்றம் சென்றதும் அதே கட்சிதான். அந்தக் கடன் அதன் மேல் இருக்கிறது. மாகாண சபைத் தேர்தல்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாக நடத்தப்படவில்லை. ஒரு காலத்தில் ஒடுக்கப்பட்டோம் என்ற நினைவு, ஆட்சியில் அமர்ந்தவர்களுக்குப் பெருமைப் பதக்கமாக இருக்கக் கூடாது. கடமையாக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1983-க்குப் பின் இங்கே பயிற்சி முகாம்கள் நடந்தன, நிதி திரண்டது, மேடைகள் முழங்கின. எந்த இயக்கம் பெரிது என்று இங்கிருந்து கட்சிகள் போட்டியிட்டன. ஒரத்தநாட்டில் புதைக்கப்பட்டவர்களைப் பற்றியோ யாழ்ப்பாணத் தெருவில் எரிந்த டெலோ இளைஞர்களைப் பற்றியோ கேட்டவர்கள் குறைவு; கேட்டவர்கள் இனப்பகைவர் என்று ஏசப்பட்டார்கள். தொலைவில் இருப்பவரின் வீரத்துக்கு விலை இல்லை. விலையைக் கொடுப்பவர் அங்கே இருக்கிறார். 1991-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும், அதே தமிழ்நாடு அகதிகள் அத்தனை பேரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கியது. இயக்கத்துக்குக் கைதட்டிய கை, இயக்கத்தோடு தொடர்பே இல்லாத குடும்பங்கள் மேல் கதவைச் சாத்தியது. முகாம்களின் பெயர் 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று மாறியது நல்ல செயல். ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இன்னும் எட்டாமல் இருக்கிறது. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களைச் சேர்க்கவே இல்லை. அவர்களில், கண்டித் தோட்டங்களிலிருந்து வடக்கே பெயர்ந்து, அங்கிருந்து கடல் கடந்த மலையக வழியினரும் உண்டு. 1948-இல் இலங்கை செய்த அநீதியை, வேறு வடிவில், அவர்களின் பாட்டன் பூட்டன் மண்ணே தொடர்வது வெட்கம்.

ஆக, நியாயமான காரணம் போராடும் உரிமையைத் தருகிறது; தம்மவரின் வாயை அடைக்கும் உரிமையைத் தருவதில்லை. ஆயுதம் எடுத்தது சரியா என்ற கேள்விக்கு, அந்தந்த இடத்தில் அரசு திறந்து வைத்த வாசல்களையும் மூடிய வாசல்களையும் பார்த்தே விடை சொல்ல முடியும். மாறுபட்ட தோழனைக் கொல்லலாமா என்ற கேள்விக்கு எந்த இடத்திலும் எந்தக் காலத்திலும் விடை ஒன்றுதான். ஓர் இயக்கம் வென்றபின் எப்படி ஆளும் என்பதை அது வெல்லும் முன்பே தன் விமர்சகரை நடத்தும் விதத்தில் எழுதிக் காட்டிவிடுகிறது. ஆகவே, ஒடுக்கப்பட்ட மக்களுக்காகக் குரல் கொடுக்க விரும்பும் எவரும், எந்த இயக்கத்தின் கொடியைப் பிடிக்கும் முன்னும் கேட்க வேண்டியது ஒன்றே. உங்களோடு மாறுபட்டவர் உயிரோடு இருக்கிறாரா, உங்கள் ஊரிலேயே இருந்து பேசுகிறாரா? ஆம் என்று சொல்ல முடியாத இயக்கத்துக்குத் தரும் ஒவ்வொரு ரூபாயும் ஒவ்வொரு கைதட்டலும், அது யாருக்காகப் போராடுவதாகச் சொல்கிறதோ அந்த மக்களுக்கே எதிராகப் போகும். இதைக் கேட்கும் துணிவு ஆதரவாளர்களிடம் முன்பே இருந்திருந்தால், ஈழத்தில் இன்னும் பலர் உயிரோடு இருந்து ஒருவரோடொருவர் வாதாடிக்கொண்டிருந்திருப்பார்கள்.